மாமி சொல்லாத கதை

வாசகர் கேள்வி – மனநல மருத்துவர் பதில்

மதுரை மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர். முகாமில் வளர்ந்த ஒருவரைக் காதலித்து மணந்து அங்கேயே வாழ்கிறார். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகத் தமிழ் கற்பித்துக்கொண்டே, போரும் பயங்கரவாதமும் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்தைச் சமகால நாவல்கள் எப்படி எழுதுகின்றன என்பது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அவருடைய மாமியாருக்கு வயது 59. நம் ஊர் வழக்கப்படி அத்தை என்று கூப்பிடாமல், கணவர் வீட்டு வழக்கப்படி மாமி என்றே கூப்பிடுவதாக எழுதியிருக்கிறார். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். 1990-இல் இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மன்னார்க் கரையில் படகேறி, படகுக்காரர் இறக்கிவிட்ட மணல் திட்டில் ஓர் இரவும் ஒரு பகலும் காத்துக் கிடந்து, இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்தவர் மாமி. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவருடைய அண்ணனை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அழைத்துப் போனவர்கள் யார் என்பதை மாமி இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒரு நாவலின் அத்தியாயத்தை வாசகி மாமிக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒரு குடும்பம் பதுங்குகுழிக்குள் இரவைக் கழிக்கிறது. விடிந்ததும் மூத்த மகனைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். மாமி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து போய், இரவு ஒன்பது மணிக்கு வாசலைக் கூட்டினார். அன்றிலிருந்து ஆறு வாரங்களாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் உள்ள துணிப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். கல்குவாரியில் வெடி வைத்தால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதும் நின்றுவிட்டது. ஒருநாள் விடியற்காலையில் அவர் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்ததை வாசகி கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார்; அது மாமிக்குத் தெரியாது.

வாசகி கேட்பவை இவை. நான் வாசித்ததுதான் காரணமா? எல்லாவற்றையும் சொல்லவைத்துவிட்டால், கொட்டித் தீர்த்த ஆறுதலில் சரியாகிவிடும் என்று தோழி சொல்கிறாள். அப்படிச் சொல்லவைத்து, அதைப் பதிவு செய்து, பின்னால் ஒரு நாவலாக எழுதலாமா? நாவல்களில் வருகிறவர்களைப்போல் மாமி அழவும் இல்லை, பழைய காட்சிக்குள் போய் அலறவும் இல்லையே, அப்படியானால் இது மனக்காயந்தானா? முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வருவது நோயாக இருக்க முடியாது என்றும், மருத்துவமனைக்குப் போனால் பைத்தியம் என்று பதிவாகி முகாமிலும் குடியுரிமை மனுவிலும் சிக்கல் வரும் என்றும் கணவர் சொல்வது சரியா? கடைசியில், கேள்வியாக இல்லாமல் ஒரு வரி: 'இப்போதெல்லாம் எனக்கும் பதுங்குகுழி கனவில் வருகிறது.'

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாசித்தது மாமியின் துன்பத்தைத் தூண்டியிருக்கலாம். அதை உண்டாக்கியது நீங்கள் அல்ல. நீங்கள் கொடுத்த விவரங்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு மூன்று நாள்கள் முகாமைச் சுற்றி வெடிச் சத்தம். அடுத்த வாரம் அந்த அத்தியாயம். அதற்கு அடுத்து நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இடையிடையே குவாரி வெடி. இவற்றில் ஒன்று மட்டும் தனியாக வந்திருந்தால், இத்தனை வருடங்களாகச் சமாளித்ததைப்போல இந்த முறையும் மாமி சமாளித்திருக்கக்கூடும். எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தன. 'வாசலைக் கூட்டினார்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பட்டது இதுதான்: மனம் தாங்காதபோது கைக்கு வேலை கொடுத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும் வழியை அவர் நெடுநாளாகவே கைக்கொண்டிருக்கிறார்.

வள்ளுவர் தீ சுட்டதைப் புண் என்றும் நா சுட்டதை வடு என்றும் வேறுபடுத்திச் சொன்னது உங்களுக்குத் தெரியும். புண் திறந்திருப்பது, வடு மூடிய பின்னும் தங்குவது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவத் துறையினர் இதற்கு 'மனவடு' என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள். உங்கள் மாமி வடுவோடு ஒரு குழந்தையை வளர்த்து ஆளாக்கி, பேரப்பிள்ளை எடுக்கும் வயது வரை வந்தவர். அந்த வடு இந்த ஆறு வாரத்தில் மீண்டும் புண்ணாகத் திறந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கழித்து இது வருமா என்று உங்கள் கணவர் கேட்பதற்கும் இதுவே பதில். பாதிப்பு ஏற்பட்டு மாதங்கள், வருடங்கள் கழித்து அறிகுறிகள் வெளிப்படுவதையும், பிள்ளைகள் ஆளாகி வேலைகள் குறையும் வயதில் பழையவை மேலெழுவதையும் எங்கள் துறை நன்றாக அறியும். ஓய்வுபெற்ற போர்வீரர்களிடம் இதை நானே பார்த்திருக்கிறேன்.

நாவலில் வருவதும் வீட்டில் நடப்பதும்

உங்கள் மூன்றாவது கேள்வியை நான் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது உங்கள் ஆய்வையும் தொடுகிறது. நாவலாசிரியர் வாசகருக்காக எழுதுகிறார். ஒரு மனிதரின் உள்ளே நடப்பது வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, காலத்தை உடைத்து, காட்சியைச் சட்டென்று மாற்றி, ஃபிளாஷ்பேக் என்ற உத்தியைக் கையாள்கிறார். அது கலைக்குத் தேவையானது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உத்தியையே நோயின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் இருப்பவரிடம் அதைத் தேடுவது தவறான இடத்தில் கொண்டுபோய்விடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று ஒன்றை முடிவு செய்ய மூன்று கூறுகளைக் கேட்கிறது. நடந்து முடிந்தது இப்போதே நடப்பதுபோல் மீள வருவது ஒன்று. அது காட்சியாக வரலாம், கெட்ட கனவாக வரலாம். அதை நினைவூட்டும் இடம், பேச்சு, ஆள் ஆகியவற்றை விட்டு விலகுவது இரண்டாவது. ஆபத்து இன்னும் அருகிலேயே இருக்கிறது என்று உடல் ஓயாமல் எச்சரிக்கையாக இருப்பது மூன்றாவது. இவை பல வாரங்கள் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைக்க வேண்டும். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதும், துணிப்பையைத் தலைமாட்டில் வைப்பதும், சுவரோடு ஒட்டி உட்காருவதும் மூன்றாவது கூறு. பூசைக்குப் போகாமல் நிற்பது இரண்டாவதாக இருக்கலாம். அவருடைய இரவுகளில் என்ன வருகிறது என்பது நமக்குத் தெரியாது. எனவே கடிதத்தை வைத்துக்கொண்டு நான் நோயின் பெயரைச் சூட்டமாட்டேன். மனச்சோர்வு, தைராய்டுக் கோளாறு, சர்க்கரை ஆகியவையும் தூக்கத்தைக் கெடுக்கும். நேரில் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் செய்த பிறகே சொல்ல வேண்டும்.

நல்ல நாவல்கள் இதைத் தெரிந்தே எழுதியிருக்கின்றன என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தமிழரான அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதி, 2021-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற 'எ பாசேஜ் நார்த்' நாவலில் ராணி என்று ஒருவர் வருகிறார். இரண்டு மகன்களையும் போரில் இழந்தவர். மருத்துவமனையில் மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றவர். பின்னர் கொழும்பில் ஒரு முதிய பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர். அவர் வெளியே தெரிவது பெரும்பாலும் வேலை செய்கிறவராகத்தான். கரண் மகாஜன் 2016-இல் எழுதிய நாவல், 1996-இல் டில்லி லாஜ்பத் நகர்ச் சந்தையில் வெடித்த குண்டிலிருந்து தொடங்குகிறது. அதில் உயிர்தப்பிய சிறுவனுக்கு வருடங்கள் கழித்தும் மணிக்கட்டில் வலி இருக்கிறது. என் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களும் 'மனம் சரியில்லை' என்று சொல்லி வருவதில்லை. 'நெஞ்சு படபடங்குது', 'உடம்பெல்லாம் எரியுது', 'பிடரி வலிக்குது' என்றுதான் வருகிறார்கள். உங்கள் ஆய்வில் அழுகையையும் அலறலையும் தேடுவதற்குப் பதிலாக, பாத்திரங்களின் கைகளும் உடம்பும் என்ன செய்கின்றன என்று தேடினால் இன்னும் நிறையக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. 'முகாமில் இருக்கிற எல்லோருமே மனநோயாளிகள்தான், யாரும் ஒப்புக்கொள்வதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பரிவினால் எழுதியது என்று தெரிகிறது. ஆனால் அது உண்மையல்ல. வன்முறை மோதலுக்கோ போருக்கோ ஆளானவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கு இந்தக் கோளாறு ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலக மக்கள்தொகையில் இது சுமார் 4 சதவீதம். பல மடங்கு அதிகந்தான்; ஆனாலும் பெரும்பான்மையினர் துயரத்தோடும் இழப்போடும் வாழ்கிறார்களே தவிர, நோயோடு அல்ல. ஆனையூரிலோ உச்சப்பட்டியிலோ திருவாதவூரிலோ உள்ள முகாம் மக்களை ஒட்டுமொத்தமாக நோயாளிகள் என்று எழுதும் ஆய்வேடு, அவர்கள் பட்டதோடு இன்னொன்றையும் சுமத்திவிடும்.

கொட்டித் தீர்த்தால் ஆறுமா?

உங்கள் தோழி சொல்வதை நம்மில் அநேகர் நம்புகிறோம். உள்ளே அடைத்துக்கிடப்பதைத் திறந்துவிட்டால் வடிந்துவிடும் என்ற எண்ணம் நம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. ஆபத்திலிருந்து மீண்டவர்களை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் மேலைநாடுகளில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பின்னாளில் வரும் கோளாறைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் முடிந்திருக்கலாம் என்றும் தெரிந்தது. இன்று அதைச் செய்யச் சொல்லி எந்த நல்ல வழிகாட்டுதலும் பரிந்துரைப்பதில்லை.

நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், எல்லையில் பணியாற்றித் திரும்பிய உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவரிடம், முதல் சந்திப்பிலேயே, வெளியே இருபது பேர் காத்திருக்க, அவருடைய நண்பர் இறந்த நாளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டே சொன்னார். அடுத்த முறை வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அவருடைய மனைவி வந்து, அன்று இரவு தொடங்கி அவர் தொழுவத்தில்தான் படுக்கிறார் என்று சொன்னபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. பிறகு அவர் வந்தார், தேறினார். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதனால் சொல்லுவதே கூடாது என்று ஆகிவிடாது. போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு சிகிச்சையில், பயிற்சி பெற்றவர் பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து இன்றுவரையான வாழ்க்கையை, நல்லதும் கெட்டதுமாக, வரிசைப்படி கதையாகச் சொல்ல உதவுகிறார். சிதறிக்கிடக்கும் நினைவுக்கு ஓர் இடமும் தேதியும் கிடைப்பதால், அது இப்போது நடக்கிறது என்ற உணர்வு தளர்கிறது. இலங்கையின் வடகிழக்கில் போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட குழந்தைகளிடம் இந்த முறையையும், பேசவைக்காமல் தியானமும் தளர்வுப் பயிற்சியும் மட்டும் கற்றுக்கொடுக்கும் முறையையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இரண்டு குழுக்களுமே ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. சிறிய ஆய்வுதான், குழந்தைகளைப் பற்றியதுதான். ஆனாலும் பேச மனமில்லாத ஒருவருக்கு வேறு வழியே இல்லை என்று நாம் சொல்ல முடியாது என்பதை அது எனக்கு எப்போதும் நினைவூட்டுகிறது.

பேசுவது எப்போது மருந்தாகிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் கண்ட பதில் இது. எப்போது தொடங்குவது, எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது, எங்கே நிறுத்துவது ஆகிய நான்கும் சொல்கிறவர் கையில் இருக்க வேண்டும். 1990-இல் உங்கள் மாமியின் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. அண்ணன் போவதை அவரால் நிறுத்த முடியவில்லை; படகு எங்கே இறக்கிவிடும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அவருடைய நன்மைக்காகவே ஆனாலும், நீங்கள் கேள்வி கேட்டு அவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கினால், அவருடைய உடம்பு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். அதுவும் முகாம் வீடு. பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யார் அழைத்துச் சென்றார்கள் என்பதை அவர் சொல்லாமல் இருப்பதற்கு, அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பவர்கள்கூட ஒரு காரணமாக இருக்கலாம். அவருடைய மௌனம் நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவர் யோசித்து எடுத்த முடிவாகவும் இருக்கலாம்.

திரும்பி வராத அண்ணன்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். பதுங்குகுழிக் காட்சிதான் மாமியைத் தாக்கியது என்று நினைக்கிறீர்கள். அந்த அத்தியாயத்தின் இரண்டாம் பாதியில் மூத்த மகனைத் தேடி ஆட்கள் வருகிறார்களே, அதை யோசித்தீர்களா? அதன் பிறகு ஒரு வாரத்தில் கல்லறைத் திருநாள். முகாம் சனங்கள் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டுபோகும் நாள். மாமிக்குக் கொண்டுபோக ஒரு கல்லறை இல்லை. அண்ணன் பெயரில் பூசை கேட்டால், அவர் இறந்துவிட்டார் என்று தன் வாயால் சொன்னதாகும். கேட்காவிட்டால் அவரை மறந்ததாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் துரோகம் செய்வதுபோல் உணரும் ஒருவர் தேவாலயத்துக்கே போகாமல் இருந்துவிடுவது எனக்கு விநோதமாகத் தெரியவில்லை.

இது என் ஊகமே. ஆனால் ஆள் இல்லாமல் போய், இறப்பும் உறுதியாகாத இழப்பு மற்ற இழப்புகளைவிடக் கடினமானது என்பது ஊகமல்ல. உளவியலாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கினார். துக்கம் முடிவதற்குச் சடங்கு வேண்டும். சடங்குக்கு உடல் வேண்டும், அல்லது ஒரு செய்தியாவது வேண்டும். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டதற்கு அரசியல் காரணங்களோடு இந்தக் காரணமும் உண்டு. இத்தகைய துக்கத்தை முடித்துவைக்க நாம் முயலக் கூடாது. 'இத்தனை வருஷம் ஆச்சு, இனி வரமாட்டார், மனசத் தேத்திக்குங்க' என்ற ஆறுதல் அவர் காதில் அண்ணனைக் கைவிடச் சொல்வதாக விழும்.

மாமி என்றாவது விரும்பினால் சில வழிகள் உண்டு. இலங்கையில் காணாமற்போனோர் அலுவலகம் 2016-இல் சட்டமாகி, 2018 முதல் செயல்படுகிறது; அங்கே உறவினர்கள் முறைப்பாடு பதிவு செய்யலாம். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே, ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறவும் அந்நாட்டுச் சட்டம் 2016 முதல் இடம் கொடுத்திருக்கிறது. இவற்றால் பலன் கிடைத்தவர்கள் குறைவு, மனம் நொந்தவர்கள் அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே இப்போது, அவர் தூங்காத இந்த வாரங்களில், இதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். பங்குத்தந்தை நம்பிக்கைக்குரியவராக இருந்தால், பெயர் சொல்லிப் பூசை வைக்காமல் 'திரும்பி வராதவர்களுக்காக' என்று ஒரு மன்றாட்டுச் சேர்க்க முடியுமா என்று நீங்கள் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். மாமி வருவதும் வராததும் அவர் விருப்பம்.

மருத்துவமனைக்குப் போனால்

உங்கள் கணவரின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒவ்வொரு காகிதத்துக்கும் அஞ்சி வளர்ந்தவர் அவர். அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு வரி தவறாக எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பதை முகாமில் வளர்ந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிய வேண்டிய சில செய்திகள் இருக்கின்றன.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 'ஒவ்வொரு நபருக்கும்' என்று தொடங்கித்தான் 18-ஆம் பிரிவில் சிகிச்சை உரிமையை வழங்குகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. 23-ஆம் பிரிவு நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்பவர் மீது சுமத்துகிறது. விதிவிலக்குகள் உண்டு: பிறருக்கு ஆபத்து, உயிருக்கு அச்சுறுத்தல், நீதிமன்றம் அல்லது மனநல ஆய்வு வாரியத்தின் உத்தரவு, பொதுப் பாதுகாப்பு ஆகியவை. தூக்கம் கெட்டு வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் ஒரு பெண்ணின் சிகிச்சை இவை எவற்றிலும் அடங்குவதாக எனக்குத் தெரியவில்லை. சிகிச்சைக்குச் சென்றதாலேயே ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. குடியுரிமை மனு குறித்து ஐயம் இருந்தால் வழக்குரைஞரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

சர்க்கரைப் பரிசோதனைக்கு என்று சொல்லி அழைத்துப்போகலாமா என்று கணவர் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பொய் சொல்லி அழைத்துவரப்பட்டவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். உண்மை தெரிந்ததும் அவர்கள் முகம் மாறுவதையும் பார்க்கிறேன். ஒருமுறை வீட்டிலிருந்து ஓர் ஆளை ஏதோ காரணம் சொல்லி அழைத்துப் போனதைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் மாமி. 'மாமி, உங்களுக்கு ராத்திரியில தூக்கமில்லை, எனக்குப் பயமா இருக்கு, தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாமா, நானும் கூட வர்றேன்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள். முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் அழைக்கலாம்; கட்டணமில்லை.

மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த வகை மாத்திரைகள் இந்தக் கோளாறை ஆற்றுவதில்லை, பழகிவிடும், இந்த வயதில் இரவில் எழுந்து நடக்கும்போது விழுந்து எலும்பு முறியவும் காரணமாகும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இதற்கும் பயன்படுகின்றன. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. குவாரியில் வெடி வைக்கும் நேரத்தை விசாரித்து, 'இன்னும் கொஞ்ச நேரத்தில் வெடிப்பாங்க மாமி' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைவிடக் குறைவாகவே உலுக்கும். சுவரோரம் உட்கார்ந்துவிட்டால் இழுத்து எழுப்பாதீர்கள். சற்றுத் தள்ளி நீங்களும் உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, அடுப்பில் என்ன இருக்கிறது என்று இங்குள்ளதைப் பேசுங்கள், குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். தாழ்ப்பாளை அவரே போட்டுவிட்டுப் படுக்கட்டும். துணிப்பை தலைமாட்டிலேயே இருக்கட்டும். சாப்பாட்டை நிறுத்தினாலோ, வாழ்ந்தது போதும் என்ற பேச்சு வந்தாலோ, ஒரு வாரம் காத்திருப்பது என்ற பேச்சே வேண்டாம். அன்றே அழைத்துப் போங்கள்.

உங்களுக்காக

இரண்டு வருடமாக நாள்தோறும் போர் நாவல்களை வாசித்து, இரவில் அதே மண்ணிலிருந்து வந்தவரின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுக்கும் உங்களுக்குப் பதுங்குகுழி கனவில் வருவது பலவீனம் அல்ல. பிறர் துன்பத்தைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் இது நேர்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஆய்வு நூல்களைத் திறக்காதீர்கள். உங்கள் நெறியாளரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள். கனவுகள் குறையவில்லையென்றால், மாமியோடு போகும்போது நீங்களும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மாமிக்கும் அது துணையாக இருக்கும்.

நாவல் எழுதும் ஆசையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நான் முன்பு சொன்ன அந்த நாவலில், போரை நேரில் பார்க்காத ஒரு இளைஞன் ராணியை வெளியிலிருந்துதான் பார்க்கிறான். தனக்குத் தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொள்கிறான் என்பதைக் கவனியுங்கள். முகாமுக்கு வாழ வந்த மேலூர்ப் பெண் ஒருத்தி, தன் மாமி இரவில் வாசல் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கதை உங்களுடையது; அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. அண்ணனை அழைத்துப் போன காலையின் கதை மாமியுடையது. என்றாவது அவரே சொன்னாலும், சொன்னதற்கு ஒரு சம்மதம், எழுதுவதற்கு இன்னொரு சம்மதம், அச்சிடும் முன் வாசித்துக் காட்டி மூன்றாவது சம்மதம் என்று கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் அவர் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கைப்பேசியில் உள்ள அந்தப் பதிவை இதுவரை எத்தனை முறை போட்டுக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. இனி கேட்காதீர்கள், தோழிக்கும் அனுப்பாதீர்கள். மாமி இரண்டு மூன்று இரவு ஓரளவு தூங்கிய பிறகு, பகல் வெளிச்சத்தில், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர் கோபப்படலாம், ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வாசலைக் கூட்டலாம். கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, அழிப்பதற்கு எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று காட்டுங்கள். அழிப்பதா வைத்துக்கொள்வதா என்பதை அவர் அன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை.